கை நடுங்குவதற்குப் பல வருஷம் முன்பே: பார்க்கின்சன் நோய் நரம்பு மண்டலத்தில் என்ன செய்கிறது?

வேலூர்ப் பக்கம் வயதான ஒருவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு ‘நரம்புத் தளர்ச்சி’தான். தெருமுனை கிளினிக்கில் பி12 ஊசி போட்டுக்கொள்வார்கள். ஊசியால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பியே ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடிவிடும். பார்க்கின்சன் நோய் சத்துக் குறைவால் வருவதில்லை. மூளையில் குறிப்பிட்ட ஓர் இடத்திலுள்ள நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வருவதால் வருகிறது.

நடுக்கம் இருந்தால்தான் பார்க்கின்சன் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு ஆரம்பத்தில் நடுக்கமே இருக்காது. டாக்டர் முதலில் தேடுவது மந்தத்தை. அசைவு மெதுவாகிறதா, திரும்பத் திரும்பச் செய்யும்போது சின்னதாகிக்கொண்டே போகிறதா என்று பார்ப்பார். மந்தம் இல்லையென்றால் அது பார்க்கின்சன் ஆகாது. மந்தத்தோடு நடுக்கமோ விறைப்போ ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும்.

இந்த மந்தம் எப்படித் தலைகாட்டும் என்பதற்குக் குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் விரல்களைப் பார்க்கலாம். இலையைப் பிடித்து, தூளை ஒரே அளவாகப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்ற வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் வேகம் குறைந்தால் அன்றைக்கே கணக்கில் தெரிந்துவிடும். நோய் தொடங்கும்போது விரலில் பலம் குறையாது. முனை மடக்கும் அந்தச் சின்ன அசைவு தடுமாறும். உருட்டல் முதல் பத்துப் பீடிக்குச் சரியாக வரும், அப்புறம் விரல் சோம்பிப் போகும். ஒரு கைதான் இப்படி இருக்கும், மறு கை பழையபடி ஓடும். கண் மங்கிவிட்டது, வயசாகிவிட்டது என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

மற்றவர்களிடம் இதே மந்தம் வேறு வேஷத்தில் வரும். பாங்கு செலானில் எழுத்து வரவரப் பொடியாகும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். தோள்பட்டை இறுகிவிட்டதென்று எலும்பு டாக்டரிடம் மாதக்கணக்கில் போய்வந்த பிறகு பார்க்கின்சன் என்று தெரிய வருவதும் சகஜம். குரல் தாழ்ந்து, முகத்தில் சிரிப்பு குறைந்தால் ‘கோபமா இருக்காரு’ என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகல விரித்து, வேகமாகப் பத்துப் பதினைந்து முறை தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கையாகச் செய்ய வேண்டும். ஐந்தாறு தட்டுக்குப் பிறகு விரிப்பு குறுகுகிறதா, நடுவே நின்று நின்று போகிறதா என்று கவனியுங்கள். நோயில்லாத வயதானவர்களும் மெதுவாகத் தட்டுவார்கள், ஆனால் விரிப்பின் அளவு அவ்வளவாகக் குறையாது.

மூளைக்குள் நடப்பது

மூளைத்தண்டின் மேல்பகுதி நடுமூளை. அதைக் குறுக்கே வெட்டினால் இரு பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை வெறும் கண்ணுக்கே தெரியும். சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பார்கள். இங்கே கருந்திட்டு என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள நரம்பணுக்களில் நியூரோமெலனின் என்ற நிறமி சேர்வதால் அந்தக் கறுப்பு. பார்க்கின்சன் முற்றியவரின் மூளையில் இந்தப் பட்டை வெளுத்துக் கிடக்கும்.

இந்த அணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, மேலே உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குத் தங்கள் நீண்ட இழைகள் வழியாக அனுப்புகின்றன. ஸ்ட்ரையேட்டமும் அதைச் சேர்ந்த முடிச்சுகளும் கூடிய தொகுதிக்கு பேசல் கேங்லியா என்று பெயர். இதன் முக்கிய வேலை அசைவுகளை அடக்கி வைப்பது. காவேரிப்பாக்கம் ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள்: எப்போதும் மூடியிருக்கும், எந்த வயலுக்கு வேண்டுமோ அந்தக் கண்ணை மட்டும் திறப்பார்கள். நம் மூளையிலும் வேண்டாத அசைவுகள் எல்லாம் மூடிக் கிடக்க, வேண்டிய ஒன்று மட்டும் வெளியே வருகிறது. அதைத் திறக்கும் கை டோபமைன்.

கொஞ்சம் நுணுக்கமாகச் சொன்னால் ஸ்ட்ரையேட்டத்திலிருந்து இரண்டு வழிகள் கிளம்புகின்றன. ஒன்று அசைவை விடுவிக்கும், மற்றொன்று இன்னும் இறுக்கிப் பிடிக்கும். டோபமைன் முதல் வழியைத் தூண்டுகிறது, இரண்டாவதைத் தணிக்கிறது. டோபமைன் குறைந்தால் விடுவிக்கும் வழி சோர்ந்து, இறுக்கும் வழி ஓங்குகிறது. அசைவு கிளம்பத் தாமதம், கிளம்பினாலும் சிறிது, தசையில் ஓயாத விறைப்பு என்ற எல்லாம் இதிலிருந்து வருபவை. நடுக்கத்தின் கதை இவ்வளவு நேரடியானதில்லை. சிறுமூளையின் சுற்றும் அதில் சேர்ந்துகொள்கிறது. மாத்திரைக்கு மந்தம் நன்றாகக் கேட்டு, நடுக்கம் மட்டும் சிலரிடம் அடம்பிடிப்பதற்கு இது ஒரு காரணம்.

பக்கவாதத்தில் கை பலமிழக்கும். பார்க்கின்சனில் பலம் அப்படியே இருக்கும்; முதுகுத்தண்டிலிருந்து தசைக்குப் போகும் நரம்புகளும் நன்றாகவே இருக்கும். பறிபோவது, நினைக்காமலே நடந்துகொண்டிருந்த அசைவுகள்: கை வீசுவது, கண் சிமிட்டுவது, எச்சில் விழுங்குவது, படுக்கையில் புரள்வது. ‘கையை வீசி நட’ என்றால் வீசி நடப்பார். கவனம் வேறு பக்கம் போனதும் கை நின்றுவிடும். சொன்னால் செய்கிறார், சொல்லாவிட்டால் செய்வதில்லை, வேண்டுமென்றே செய்கிறார் என்று வீட்டில் சண்டை வருவது இங்கேதான்.

அசைவில் கோளாறு தெரியும் நேரத்துக்குள் கருந்திட்டு அணுக்களில் ஏறத்தாழ பாதி போயிருக்கும். மிச்சமிருப்பவை கூடுதலாக உழைத்து அதுவரை குறையை மறைத்துவிடுகின்றன.

இந்த அணுக்கள் ஏன் சாகின்றன?

ஒற்றைக் காரணம் கிடையாது. நரம்பணுக்களில் இயல்பாகவே ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உண்டு. பார்க்கின்சனில் இது தப்பாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, அணுவுக்குள் உருண்டையாகத் திரள்கிறது. 1912-ல் ஃப்ரிட்ஸ் லூயி விவரித்ததால் அந்த உருண்டைகளுக்கு லூயி பொருட்கள் என்று பெயர். நோயை 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் தெளிவாக எழுதி வைத்தார். புரதத்தின் தொடர்பு 1997-ல்தான் தெரிந்தது, அந்தப் புரதத்தின் மரபணுவில் பிழையுள்ள ஒரு குடும்பத்தின் வழியாக.

இந்த அணுக்கள் குறிப்பாகச் சாவதற்கு அவற்றின் வேலைச்சுமை ஒரு காரணம். ஓர் அணுவின் இழை கிளைவிட்டு லட்சக்கணக்கான இடங்களில் தொடர்பு வைக்கிறது. ஓய்வில்லாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் எப்போதும் எல்லையில் ஓடுகின்றன. போதாததற்கு டோபமைனே சிதையும்போது அணுவை அரிக்கும் பொருட்கள் உண்டாகின்றன. வயது ஏற ஏறக் குப்பையை அப்புறப்படுத்தும் ஏற்பாடு மந்தமாகிறது; அறுபதுக்கு மேல் நோய் கூடுவதன் அடிப்படை இது. ஐம்பதுக்குள் வருவதும் உண்டு. நாற்பதுக்குள் என்றால் செம்பு சேரும் வில்சன் நோய் இல்லை என்று முதலில் உறுதிப்படுத்த வேண்டும், ஏனென்றால் அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருக்காது. எல்.ஆர்.ஆர்.கே.2, ஜி.பி.ஏ. போன்ற மரபணுப் பிழைகள் சிறுபான்மையினருக்கே. அவை இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்பதில்லை.

சுற்றுச்சூழலின் பங்கு 1982-ல் கலிஃபோர்னியாவில் அதிர்ச்சியாக வெளிப்பட்டது. கள்ளத்தனமாகத் தயாரித்த போதை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாட்களில் சிலையாக உறைந்துபோனார்கள். ஊசியில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற பொருள் மூளையில் மாறி, கருந்திட்டு அணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கியிருந்தது. அந்த மாறிய பொருளின் வேதி அமைப்பும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் அமைப்பும் ஒத்தவை. பாராகுவாட், ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லி முதலியவற்றோடு பல வருஷம் புழங்கியவர்களிடம் நோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் மருந்து அடிப்பவர்கள் முகமூடி, கையுறை போடுவதும், காற்றுக்கு எதிரே நின்று அடிக்காமல் இருப்பதும், நனைந்த சட்டையை உடனே கழற்றிக் குளிப்பதும் வேறு பல கேடுகளிலிருந்தும் காப்பாற்றும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றிக் கேள்வி வரும். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மூச்சுக்குழலுக்கும் தோலுக்கும் கெடுதல், அதன் ஹெக்ஸாவேலன்ட் வகை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம். பார்க்கின்சனுக்குக் காரணம் என்று நிரூபணம் இல்லை. மாங்கனீஸ் புகை அளவுக்கு மீறினால் பார்க்கின்சன் மாதிரியே தெரியும் வேறொரு நோய் வரும். பார்க்கின்சன் மாத்திரைக்கு அது அவ்வளவாகக் கேட்காது.

மூக்கிலும் குடலிலும் தொடங்குவது

2003-ல் ஹெய்கோ பிராக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் குழு காட்டியது: பலரிடம் லூயி பொருட்கள் முதலில் தெரியுமிடம் கருந்திட்டு கிடையாது. மணம் அறியும் பகுதியிலும், குடலுக்குப் போகும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டில் கிளம்பும் இடத்திலும் முதலில் தெரிந்து, பிறகு மேலே ஏறுகின்றன. எல்லோருக்கும் இதே வரிசை என்று சொல்ல முடியாது. ஆனாலும் நடுக்கத்துக்குப் பல வருஷம் முன்பே வரும் தொல்லைகளுக்கு இது விளக்கம் தருகிறது. தாளிக்கிற வாசனை தெரியாமல் போவது, நாள்பட்ட மலச்சிக்கல், கனவில் யாரையோ அடிப்பதாக நினைத்துப் பக்கத்தில் படுத்திருப்பவரை நிஜமாகவே உதைப்பது. மூன்றாவதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தூக்கத்தில் கனவுக்குத் தக்கபடி கைகால் அசையாமல் மூளைத்தண்டு பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டு கழன்றதன் அடையாளம் அது.

நோய் பரவும்போது டோபமைன் அல்லாத அணுக்களும் சாகின்றன. நார்அட்ரினலின், செரோட்டோனின் என்ற வேதிப்பொருட்களைத் தயாரிக்கும் அணுக்கள் குறைவதால் மனச்சோர்வும் பதற்றமும் வருகின்றன. அசிட்டைல்கோலின் என்ற இன்னொரு வேதிப்பொருளைத் தயாரிக்கும் அணுக்கள் குறைவதால் ஞாபகமும் கவனமும் தடுமாறுகின்றன. இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் போகும் தானியங்கி நரம்புகள் குறைவதால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறது.

இந்தக் கடைசி விஷயம் நம் ஊருக்கு முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வியர்வையில் நீர் போய், பழைய அளவிலேயே பி.பி. மாத்திரையும் தொடர்ந்தால், காலையில் கட்டிலை விட்டு எழும்போதே கண் இருட்டி விழுவார்கள். அது இடுப்பு எலும்பு முறிவில் போய் முடிவதும் உண்டு. வீட்டில் பி.பி. மிஷின் இருந்தால் ஐந்து நிமிஷம் படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் ஒவ்வொரு முறை அளக்கவும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லி பி.பி. மாத்திரையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்த பிறகு எழலாம்.

பார்க்கின்சன் மாதிரி நடிக்கும் மாத்திரைகள்

கிறுகிறுப்புக்கு சின்னரிசைன், ஃப்ளூனரிசைன், புரோகுளோர்பெரசைன், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, கேஸுக்கென்று பாண்டோபிரசோலோடு சேர்ந்து வரும் லெவோசல்பிரைடு, மனநோய்க்கு ஹாலோபெரிடால். இவை மூளையில் டோபமைன் உட்காரும் இடங்களை அடைத்துவிடுகின்றன. டோபமைன் இருந்தும் பயனில்லாமல், அசல் பார்க்கின்சன் போலவே மந்தமும் விறைப்பும் வரும். கேஸ் மாத்திரை என்று மருந்துக் கடையில் வருஷக்கணக்கில் வாங்கிச் சாப்பிடும் பெரியவர்களிடம் இது நிறைய நடக்கிறது. காரணமான மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் சரியாகும். மனநோய் மருந்தை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்டே மாற்ற வேண்டும். எனவே நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகும்போது மருந்துச் சீட்டு மட்டும் போதாது. வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். நடையை போனில் வீடியோ எடுத்துக்கொள்வதும் உதவும்.

நரம்பு டாக்டருக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொடங்கியது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. வெளி மாநிலத்துக்காரர்கள் லாட்ஜ் எடுத்துத் தங்கி வைத்தியம் பார்க்கும் ஊரில், பக்கத்திலேயே இருந்துகொண்டு ஒரு வருஷத்தை ஊசியில் கழிப்பதுதான் வேதனை. ரத்தப் பரிசோதனையில் பார்க்கின்சன் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுப்பது பெரும்பாலும் வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான். கைதேர்ந்த டாக்டரின் கண்ணும் கையுமே கண்டுபிடிப்பவை. முதல் வருஷத்திலேயே அடிக்கடி விழுவது, இரு பக்கமும் ஒரே சமயத்தில் ஆரம்பிப்பது, மாத்திரைக்குக் கொஞ்சமும் கேட்காதது என்றால் வேறு நோயாக இருக்கலாம்.

மாத்திரையும் களியும்

டோபமைனை நேராகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால் நுழையக்கூடிய முன்வடிவமான லெவோடோபாவைக் கொடுக்கிறார்கள். வழியிலேயே அது டோபமைனாக மாறி வாந்தியைக் கிளப்பாமல் இருக்கக் கார்பிடோபா சேர்க்கிறார்கள். கார்பிடோபா வேலை செய்ய நாளைக்கு 70 முதல் 100 மி.கி. தேவைப்படும். 100 மி.கி. லெவோடோபாவுக்கு 10 மி.கி. கார்பிடோபா உள்ள மாத்திரையை மூன்று வேளை போட்டால் 30 மி.கி.தான் சேரும், குமட்டுகிறதென்று பலர் மருந்தையே விட்டுவிடுவது இதனால். 100-க்கு 25 உள்ள மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

லெவோடோபா சிறுகுடலில் உறிஞ்சப்படும் வழியும், சாப்பாட்டுப் புரதம் போகும் வழியும் ஒன்றே. முட்டை, பால், பருப்பு, கறிக்குழம்போடு மாத்திரை போட்டால் புரதம் முந்திக்கொள்ளும், மருந்து பின்தங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி பின்போ போடுவது நல்லது. ஆம்பூர் பிரியாணி சாப்பிட்ட மதியம் மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் மாத்திரையைக் குறை சொல்ல வேண்டாம். புரதத்தைக் கைவிடாமல், இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளி வைக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். மலச்சிக்கல் இருந்தால் மருந்தும் வயிற்றிலேயே தங்கிவிடும், அதனால் அதையும் சரிசெய்வது வைத்தியத்தில் சேர்த்திதான்.

ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். தொடக்கத்தில் மூளை அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். சில வருஷம் கழித்துச் சேமிக்க அணுக்கள் போதாமல், அடுத்த வேளைக்கு முன்பே விறைப்பு திரும்பும். மருந்தின் அளவு ரத்தத்தில் உச்சத்தில் இருக்கும்போது கைகால் தானாக நெளியும். நேரம் தவறாமை அப்போதுதான் மருந்தின் அளவைப் போலவே முக்கியமாகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். டோபமைனைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளில் சிலருக்குச் சூதாட்டம், அளவில்லாத செலவு என்று புதுப் பழக்கம் வரும். திடீரென்று ஆன்லைன் ரம்மியில் இறங்கினால் குடும்பம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. மாத்திரையோடு சேர்த்து அதையும் சாப்பிட்டால் அளவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வட ஆற்காட்டில் கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்குவது வழக்கம். விழுங்கும் தசை மந்தமானவருக்கு அது தொண்டையில் நிற்கும். வேர்க்கடலையும் ஆபத்து. தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தாலோ, சாப்பிட்ட பின் குரல் கரகரத்தாலோ விழுங்கலைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கெட்டியான கூழ் பலருக்குத் தண்ணீரை விடச் சுலபமாக இறங்கும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்வது

நடுவழியில் கால் தரையோடு ஒட்டியது போல நிற்பதை உறைதல் என்கிறார்கள். வாசற்படி, குறுகலான இடம், திரும்புமிடம், ஜனக்கூட்டம் எல்லாம் அதைத் தூண்டும். காட்பாடி ஸ்டேஷன் படிக்கட்டில் சுலபமாக ஏறுகிறவர் ரயில் பெட்டி வாசலில் நின்றுவிடுவார். படிகள் கண்ணுக்குத் தெரிகிற இலக்கு. கண் வழியாக வரும் குறிப்பு பேசல் கேங்லியாவைச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் காலை இயக்குகிறது. அதே தந்திரத்தை வீட்டில் செய்யலாம். நிலைப்படிக்கு முன்னும் பின்னும் ஒன்றரை அடி இடைவெளியில் தரையில் குறுக்காகக் கலர் டேப் ஒட்டி, ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொல்லுங்கள். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று சத்தமாக எண்ணுவதும் உதவும். கையைப் பிடித்து இழுப்பது விழ வைக்கும். திரும்பும்போது காலைச் சுழற்றாமல் அரைவட்டமாக நடந்து திரும்ப வேண்டும்.

ஏதாவது வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்த்தால் இரண்டு விஷயத்தை சீட்டில் எழுதி நர்ஸ் கையில் கொடுங்கள். ஒன்று, லெவோடோபா வேளைகள், நிமிஷத்தோடு. வார்டு ரவுண்டு நேரத்துக்கு மாற்றக் கூடாது. இரண்டு, மெட்டோகுளோப்ரமைடு, ஹாலோபெரிடால் இரண்டும் வேண்டாம் என்பது. வாந்திக்கும் மனக் குழப்பத்துக்கும் மாற்று மருந்துகள் உண்டு. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் இருக்கிறது. நடமாட்டம் குறைந்தவர்கள் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கிக்கொள்ளலாம்.